பிழைகளைக் கேட்டு வாங்கிய கப்டன்

எங்கள் பேஸ்பால் கழகத்தின் புதிய தலைவர் போன மாசி மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை தந்தார். கழகத்தின் கப்டன்களாக இருந்த எல்லாரையும் பற்றி ஒரு சிறிய புத்தகம் போட வேண்டுமாம். ஆளுக்கு ஒரு படம், ஐந்து வரி. பழைய ஆட்டத்தாள்கள் என் வீட்டு அலுமாரியில் இருப்பதால் நான்தான் எழுத வேண்டும் என்றார்.

சந்தோசமாகத்தான் தொடங்கினேன். முதல் கப்டன் ஒரு தபால்காரர். ஆட்டம் தொடங்கிவிட்டால் வாயே திறக்கமாட்டார், எல்லாக் கட்டளையும் விசில்தான். அடுத்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். தோற்ற நாட்களில் பேருந்தைத் திருப்பியனுப்பிவிட்டு அணி முழுவதையும் நடத்தியே ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போவார். கியூபாவிலிருந்து சம்பளத்துக்கு வந்த ஒருவர் மூன்று வருடம் கப்டனாக இருந்து, பிரெஞ்சில் திட்டுவதற்கு மட்டும் கற்றுக்கொண்டு திரும்பிப் போனார். இவர்களுக்கு ஐந்து வரி போதவில்லை என்பதுதான் என் கஷ்டமாக இருந்தது.

பிறகு அந்த இரண்டு வருடங்கள் வந்தன. கழகப் பதிவேட்டில் அவற்றுக்கு எதிரே பெயர் இல்லை. ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

“அந்த இரண்டு வருடமும் கப்டன் இல்லாமலா விளையாடினீர்கள்?” என்று தலைவர் கேட்டார்.

இருந்தார் என்றேன். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் தேநீர் குடிக்கிற எல்லாருக்கும் தெரிந்தவர் என்றேன். அதற்குமேல் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுத வரவில்லை. எழுதினால் அவர் செய்யாத ஒன்றை எழுத வேண்டும், அல்லது நான் செய்த ஒன்றை எழுத வேண்டும். அந்தப் புத்தகத்துக்கு எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். அவரிடம் அனுமதி கேட்கவில்லை, அதனால் பெயரைச் சொல்லப்போவதில்லை.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மைதானத்துப் பலகையில் ஒவ்வோர் அணிக்கும் எதிரே கடைசியில் மூன்று எண்கள் இருக்கும். எடுத்த ஓட்டங்கள், அடித்த அடிகள், விட்ட பிழைகள். பிடித்திருக்க வேண்டிய பந்தை ஒருவர் நழுவவிட்டால் அது பிழையென்று தாளில் அவருடைய பெயருக்கு நேரே ஏறும். அதைத் தீர்மானிப்பது நடுவர் அல்ல, மேசையில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் ஸ்கோரர். அந்த ஸ்கோரர் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சார்செல் என்ற புறநகரில் பெற்றோரோடு இருந்தேன். அப்பாவுக்கு ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல்முனையில் மளிகைக் கடை. நான் நகரசபை வேலைக்கான சோதனைக்குப் படித்துக்கொண்டு, கழக அலுவலகத்தில் அரைநேரம் வேலை பார்த்தேன். பழைய ஸ்கோரர் வேறு ஊருக்கு மாறிப்போனதும் பென்சில் என் கைக்கு வந்தது.

அவர் கழகத்துக்கு வந்தது வேலி தாண்டி விழுந்த ஒரு பந்தால். எங்கள் மைதானத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். அங்கே போய் விழுந்த பேஸ்பாலை அவர் எடுத்துத் திருப்பி எறிந்தார். அது அத்தனை தூரம் பறந்து எங்கள் பயிற்சியாளரின் கையுறைக்குள் நேரே வந்து விழுந்தது. பயிற்சியாளர் வேலியேறிக் குதித்துப் போய் அவரைப் பிடித்துக்கொண்டார். அப்போது அவர் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கழகம் அவருக்கு மைதானத்தைப் பராமரிக்கும் வேலை கொடுத்தது. கிழமை நாட்களில் புல் வெட்டுவார், கோடு போடுவார். ஞாயிற்றுக்கிழமை அதே புல்லில் நின்று பந்து பிடிப்பார்.

நான் அவரை முதன்முதலாகக் குழம்பிப்போய்ப் பார்த்தது ஓர் ஆட்டம் முடிந்த பிறகு. மத்தியூ என்றொரு இளம் ஆட்டக்காரன், நல்ல கைகாரன், அன்றைக்கு மிகச் சுலபமான ஒரு பந்தை நழுவவிட்டிருந்தான். அதனால் ஆட்டமே போய்விட்டது. நான் அவன் பெயருக்கு நேரே பிழை என்று குறித்துவிட்டுத் தாளை மடிக்கப் போனபோது இவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“பிள்ளை, அந்தப் பிழையை எனக்குப் போடு.”

“எந்தப் பிழை அண்ணை?”

“மத்தியூவின்ரை.”

“நீங்கள் அந்தப் பக்கமே நிக்கேல்லையே?”

“அதுதான் சொல்லுறன். நான் பின்னாலை நிண்டு ‘உன்ரை பந்து’ எண்டு கத்தியிருக்கோணும். கத்தேல்லை. பிழை என்ரை.”

விதி அப்படி இல்லை என்று விளக்கினேன். பந்து யாருடைய கையில் பட்டதோ அவருக்குத்தான் போட முடியும். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“சரி, நீ எழுதிறதை எழுது. நான் அவனிட்டைச் சொல்லிப்போட்டன், எனக்குத்தான் போட்டிருக்கெண்டு. அவன் வந்து கேட்டால் ஓமெண்டு சொல்லு.”

“அண்ணை, அது பொய்யெல்லோ!”

“ஓம், அந்தப் பொய்யும் என்ரைதான். நீ யோசியாதை.”

மத்தியூ வந்து கேட்டான். நான் ஓமென்றேன். அவன் நம்பினான் என்று நினைக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு அவன் வந்ததெல்லாம் பிடித்தான். எனக்குக் கோபமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இவர் மேசைக்கு வருவார். கடையில் சாமான் கேட்பதுபோல, “இண்டைக்கு என்ன இருக்கு பிள்ளை?” என்பார். நான் பிழைகளை வாசிப்பேன். ஒவ்வொன்றுக்கும் தான் எப்படிப் பொறுப்பென்று ஒரு காரணம் வைத்திருப்பார். வெயில் கண்ணில் அடிக்குமென்று சொல்லாமல் விட்டது, காலையில் புல்லைக் குறைத்து வெட்டியது, முதல்நாள் ஒருவனோடு சரியாகக் கதைக்காமல் போனது.

இந்தப் பழக்கம் மைதானத்தோடு நின்றுவிடவில்லை. ஒருநாள் அப்பாவின் கடைக்குக் கீரை வாங்க வந்தார். அப்பா அன்று காலையில்தான் தேங்காய்ப்பால் ரின்களைக் கோபுரம்போல அடுக்கியிருந்தார். இவர் கதவைத் திறந்து ஒரு கால் உள்ளே வைத்தாரோ இல்லையோ, கோபுரம் சரிந்து கடை முழுக்க உருண்டது.

“ஐயோ ஐயா, பிழை என்ரை. கதவை விசையா இழுத்துப்போட்டன்” என்றபடி முழங்காலில் இருந்து, அலுமாரிகளுக்கு அடியிலெல்லாம் கையை விட்டு ரின்களைப் பொறுக்கினார். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. கீரையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

“நல்ல மனிசன்” என்றார் அப்பா. அன்று மாலை ரயிலில் வீட்டுக்குப் போகும்போது சேன்-தெனி நிலையம் தாண்டியதும் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, எங்கடை கடைக் கதவு இழுக்கிற கதவே?”

“இல்லை அப்பா. வெளியிலையிருந்து தள்ளுற கதவு.”

“அதுதானே!” என்றார். “செய்யாத சின்னப் பிழையளை ஒருத்தன் ஓடியோடி ஒப்புக்கொள்ளுறான் எண்டால், செய்த பெரிய பிழை ஒண்டு எங்கையோ கிடக்கு. நீ அவரோடை கவனமா இரு.”

அன்றிலிருந்து நானும் அந்தப் பெரிய பிழையைத் தேடத் தொடங்கினேன். அப்பா சொல்லாவிட்டால் தேடியிருக்கமாட்டேன். யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. வல்வெட்டித்துறைப் பக்கம் என்றார் ஒருவர். இல்லை, தீவுப்பகுதி என்றார் மற்றவர். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடினாரா என்றுகூட ஒருவருக்கும் நிச்சயமில்லை.

ஆட்டக்காரர்கள் அவரைக் கப்டனாகத் தெரிந்தெடுத்தபோது லா சப்பலில் குழப்பம் இன்னும் கூடியது. கழகத்துப் பெடியன்கள் கடைத்தெருவுக்கு வந்தால் அவரைக் கண்டதும் “கப்பித்தேன்!” என்று பிரெஞ்சில் கூவுவார்கள். நம்மவர்கள் அதைக் கப்டன் ஆக்கினார்கள். எங்கள் ஆட்களிடையே அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. பெரும்பாலும் இயக்கப் போராளி ஒருவரின் மாலை போட்ட படத்துக்குக் கீழே எழுதப்படுகிற சொல் அது. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் தேநீர்க்கடையில் யாரோ இவரைக் கப்டன் என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றார். கையிலிருந்த தேநீர் தளும்பியது.

“இருங்கோ அண்ணை, இருங்கோ. நான் விளையாட்டுக் கப்டன்” என்று இவர் அவருடைய தோளைப் பிடித்து இருத்தினார். அந்த மனிதர் நம்பவில்லை. இவர் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் மரியாதையாகப் பார்த்தார். இவருக்கு அது பெரிய வேதனையாகிவிட்டது. வெளியில் வந்ததும் என்னிடம், “அந்த மனிசனை நான் ஏமாத்திப்போட்டன் பிள்ளை” என்றார். நீங்கள் ஒன்றும் செய்யவில்லையே என்றேன். “அவர் எழும்பேக்கை எனக்கு ஒரு நொடி சந்தோசமா இருந்தது” என்றார்.

அவருடைய மனைவி லா சப்பலிலேயே பிளவுஸ் தைக்கும் கடை ஒன்றில் வேலை செய்தார். பெரியபிள்ளையான என் தங்கையின் சாமத்தியச் சடங்குக்கு அளவு கொடுக்கப் போயிருந்தபோது, வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே அந்த அக்கா எனக்குச் சொன்னதை இன்னும் மறக்கவில்லை.

“எல்லாரும் சொல்லுகினம், தங்கமான மனிசன் எண்டு. உனக்குத் தெரியுமே, பதினைஞ்சு வருசத்திலை நான் அவரோடை ஒரு சண்டை பிடிச்சு முடிச்சதில்லை. நான் வாயைத் திறக்க முந்தி, பிழை என்ரை எண்டுடுவார். பேந்து நான் என்னத்தைச் சொல்லுறது? என்ரை பிழையைக்கூட என்னட்டை விட்டுவைக்கமாட்டார். ஒருநாள் கறியை எரிச்சுப்போட்டன். தன்னாலைதான் எண்டு அதுக்கும் அழாக்குறையா நிக்கிறார். நான் ஒரு மனிசி இல்லையே? எனக்கும் ஒரு பிழை விடத் தெரியாதே?”

நான் சிரித்தேன். அந்த அக்கா சிரிக்கவில்லை.

பயிற்சியாளருக்கும் அதே முறைப்பாடு இருந்தது. அவர் கப்டனான முதல் வருடம் அணி பயமில்லாமல் விளையாடியது. தவறவிட்டால் கப்டன் பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில் எட்டாத பந்துக்கும் பாய்ந்தார்கள், அவற்றில் பாதியைப் பிடித்தார்கள். இரண்டாம் வருடம் அதே தைரியத்தில் கையெட்டும் பந்துக்கும் பாயாமல் நின்றார்கள். “இந்த மனிதன் இருக்கும்வரை இவர்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளமாட்டார்கள்” என்று பயிற்சியாளர் என் மேசையில் வந்து புலம்பினார். என் தாள்களைப் புரட்டிப் பார்த்தால் இரண்டுமே உண்மையாகத்தான் தெரிந்தது. ஒரே மனிதரின் ஒரே குணம் எப்படி இரண்டையும் செய்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த இரண்டாம் வருடத்தின் கடைசியில்தான் அது நடந்தது.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு சிறிய மரக்கொட்டகையில் மதாம் ஜோசியான் காப்பியும் வாட்டிய ரொட்டியும் விற்பார். அப்போது அறுபது வயதிருக்கும். கழகத்துக்காகச் சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்துவந்தவர். கொட்டகைக்கும் மைதானத்துக்கும் நடுவில் உயரமான வலை தொங்கும். பந்து அந்தப் பக்கம் போகாமல் தடுப்பது அதுதான். வலையின் ஒரு பக்கத்தை அவிழ்த்தால் வழி கிடைக்கும். போய்விட்டுத் திரும்பக் கட்டிவிட வேண்டும்.

அது ஒரு சனிக்கிழமை, பயிற்சி நாள். தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்காக நான் கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு முடிச்சு. திரும்பி வரும்போது என் கைத்தொலைபேசி அடித்தது. நகரசபைச் சோதனைக்கு நான் அனுப்பிய படிவத்தில் ஏதோ குறை என்று ஒரு பெண் பேசினார். பதறிப்போய்ப் பேசிக்கொண்டே அலுவலகத்துக்குள் போய்விட்டேன். அரை மணித்தியாலத்தில் வெளியே அலறல் கேட்டது. மத்தியூ அடித்த பந்து, அவிழ்ந்து விலகிக் கிடந்த வலையின் இடைவெளியால் போய், மதாம் ஜோசியானின் இடது கண்ணில் பட்டிருந்தது.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை கழக அலுவலகத்தில் விசாரணை. அப்போதைய தலைவர், நிர்வாகத்தில் இரண்டு பேர், காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஒருவர். மைதானப் பொறுப்பாளர் என்ற முறையில் முதலில் கப்டனைக் கூப்பிட்டார்கள். அவருடைய பிரெஞ்சு போதாது என்பதால் மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். நான் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. என்னைக் கேட்கும்போது சொல்லிவிடுவதென்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன்.

“வலையை அவிழ்த்தது யார்?” என்று தலைவர் கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்கு முன்பே கப்டன் தொடங்கிவிட்டார்.

“வலையை அவிட்டது நான். திருப்பிக் கட்ட மறந்துபோனன். வேறை ஒருத்தருக்கும் இதிலை சம்பந்தமில்லை.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பவள் ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது, பேசுகிறவராகவே பேச வேண்டும் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். நான் பிரெஞ்சில் சொன்னேன்: வலையை அவிழ்த்தது நான். திரும்பக் கட்ட மறந்துவிட்டேன். வேறு ஒருவருக்கும் இதில் சம்பந்தமில்லை.

என் வாயாலேயே சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கேட்டவர்கள் அதை அவருடைய சொல்லாக எழுதிக்கொண்டார்கள். நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னதைக் கண்டு தலைவர் எனக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றித் தந்தார். சொந்த ஆளுக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்திருப்பார். கப்டன் மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. கைகளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் நான் சொல்லியிருக்கலாம். அன்றைக்கே, அடுத்த நாள், அடுத்த கிழமை. சோதனைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அது முடியட்டும் என்று எனக்கு நானே சொன்னேன். முடிந்ததும் முடிவு வரட்டும் என்று சொன்னேன். அதற்குள் அவருடைய மைதான வேலை போய்விட்டது. கப்டன் பதவியும் போனது. அவருடைய பெயரை வெட்டிவிட்டுக் கோடு இழுத்ததும் அப்போதுதான்.

பல மாதங்களுக்குப் பிறகு லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படிக்கட்டுக்குக் கீழே அவரைச் சந்தித்தேன். மறுபடியும் கோப்பை கழுவப் போய்க்கொண்டிருந்தார்.

“சோதினை எப்பிடிப் பிள்ளை?”

“பாஸ் அண்ணை.”

“அப்பாடா!” என்று இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார். அந்தச் சந்தோசத்தைப் பார்த்ததும், தெரிந்துதான் செய்தார், எனக்காகத்தான் செய்தார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் மற்றது தோன்றியது. அவர் எல்லாருடைய பிழையையும் எடுப்பவர். யார் அவிழ்த்ததென்று தெரியாமலே, கேட்ட மாத்திரத்தில் கையை உயர்த்தியிருப்பார். அப்படியென்றால் என்னை அவர் காப்பாற்றவில்லை. என்னை நினைக்கவே இல்லை. எது சரியென்று கேட்பதற்குள் அவர் குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் நிறையப் பேர் அப்படிப் போனார்கள்.

பதினோரு வருடம் கழித்து, அந்தக் கோட்டுக்கு முன்னால் என் பேனா நின்றபோது, மதாம் ஜோசியானிடம் போவது என்று முடிவெடுத்தேன். மைதானத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். ஒரு கண் கண்ணாடிக் கண். கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டு முத்தமிட்டார். நான் உட்காராமலே சொன்னேன்.

அவர் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பதினோரு வருடமாக நான் அந்த மனிதனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரியுமா, நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஞாயிறு தவறாமல் வந்தார். முதல் மூன்று தடவை உள்ளே விடவில்லை. நாலாம் தடவை விட்டேன், திட்டுவதற்காக. மாதுளம்பழத்தை உரித்து முத்துக்களைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் திட்டத் திட்டத் தலையாட்டிக்கொண்டு இருந்தார். என் பிரெஞ்சில் பாதி அவருக்கு விளங்கியிருக்காது. இப்போது நீ வந்து, அது தவறான ஆள் என்கிறாய். அந்தத் திட்டையெல்லாம் நான் என்ன செய்ய?”

என்னை மன்னியுங்கள் என்றேன். அவர் கையால் அதைத் தள்ளிவிட்டார்.

“புத்தகத்தில் அந்த மனிதனுடைய பெயர் இருக்கிறதா?”

“இல்லை. கோடுதான்.”

“பெயரைப் போடாமல் அந்தப் புத்தகத்தை என் வீட்டுக்குக் கொண்டுவராதே” என்று எழுந்துபோய் ஒரு வாழ்த்து மட்டையை எடுத்துவந்தார். ஒவ்வொரு புதுவருடத்துக்கும் லண்டனிலிருந்து கப்டன் ஒன்று அனுப்புவாராம். பின்பக்கத்தில் தொலைபேசி எண் இருந்தது. “என்னிடம் சொன்னதை அவரிடமும் சொல்.”

புதிய தலைவர் மறுபேச்சில்லாமல் பெயரைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். அந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தொலைபேசி எண்ணைத் தட்டுவதற்குத்தான் எனக்கு இரண்டு கிழமை ஆனது.

“ஆர்?”

“அண்ணை, நான்... பேஸ்பாலுக்கு ஸ்கோர் எழுதின பிள்ளை.”

“எட, பிள்ளை!” என்று அவர் கத்தியது பக்கத்து அறைக்கும் கேட்டிருக்கும். ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலையாம். மகள் பல்கலைக்கழகமாம். மத்தியூ என்ன செய்கிறான், பயிற்சியாளர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் இடைமறித்து, புத்தகத்தைப் பற்றியும் மதாம் ஜோசியானிடம் போனதைப் பற்றியும் சொன்னேன்.

“அவவிட்டை என்னெண்டு சொன்னனீ?”

“வலையை அவிட்டு விட்டது நான்தான் எண்டு.”

“ஏன் பொய் சொன்னனீ?”

“பொய்யில்லை அண்ணை. தண்ணிப் பெட்டியள் கொண்டுபோக நான்தான் அவிட்டனான்.”

“ஓம், அவிட்டனீ. பேந்து கட்டினனீ. நான் அங்காலை நிண்டு கண்டனான். ரெலிபோனைத் தோளிலை இடுக்கிக்கொண்டு கட்டினனீ. நீ உள்ளை போனாப்பிறகு, புல்லு வெட்டுற மிசின் கொண்டுபோக அவிட்டது நான். மத்தியூ கூப்பிட்டான், ஓடினன். கட்டேல்லை.”

தொலைபேசியைத் தோளில் இடுக்கியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் கயிற்றைக் கட்டியது நினைவில் இல்லை.

“அண்ணை, நீங்கள் எல்லாத்தையும் உங்கடை எண்டுதானே சொல்லுவியள். உங்களை எப்பிடி நம்புறது?”

நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. பழகிய அத்தனை காலத்திலும் அவருக்குக் கோபம் வந்து நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

“மற்றதுகள் வேறை! பெடியள் பயந்துபோடுவாங்கள் எண்டு சொன்னது. அதுகளைச் சொல்லுறதாலை ஆருக்கும் ஒண்டும் குறையாது. இது ஒரு மனிசியின்ரை கண். செய்யாமல் சொல்லுவனே? அவவிட்டை ஞாயிறு ஞாயிறாய்ப் போய் நிண்டது பகிடிக்கே? இது என்ரை. நீ எடுக்காதை. விளங்குதே? எடுக்காதை!”

“ஓம் அண்ணை” என்றேன். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு யாரோ வாடிக்கையாளர் வந்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். தொடர்பு அறுந்தது.

போனை வைக்கும்வரை அவர் சொன்னதை முழுக்க நம்பினேன். வைத்த பிறகு, இதுவரை அவர் செய்யாமலே கேட்டு வாங்கிய பிழைகளில் மிகப் பெரியது இதுதான் என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மாறியது. வாழ்நாள் முழுக்கப் பிழையைக் கேட்டு வாங்கிய ஒருவர், உண்மையாகவே ஒரு பிழை விட்டால் அதை யாரிடம் போய்ச் சொல்லி நம்பவைப்பார்?

அடுத்த சனிக்கிழமை மதாம் ஜோசியானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கோபமாகவா சொன்னார்?”

“ஆமாம். கத்தினார்.”

“அப்படியென்றால் அது உண்மை.” அவர் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். “நல்லது. அந்தக் கோபம் எனக்குப் பழகிவிட்டது. உன்மேல் புதிதாக ஒன்று தொடங்க எனக்கு வயதில்லை.”

“எனக்கு நிச்சயமில்லை மதாம்.”

“உன்னிடம் யார் கேட்டது?” என்று சொல்லிவிட்டு ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார். உள்ளே என்ன எழுதியிருந்தாரோ, ஏற்கனவே ஒட்டியிருந்தது. லண்டன் முகவரியை என்னை எழுதச் சொன்னார். வாழ்த்து மட்டையைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அவர் ஒற்றைக் கண்ணுக்கு அருகில் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார்.

படியிறங்கி வரும்போது, வெறுங்கையில் கயிறு இல்லாமலே இரண்டு முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். அவிழ்த்துப் பார்த்தேன். அன்று அவிழ்த்தது கைக்கு நன்றாக நினைவிருந்தது. கட்டியது வரவே இல்லை.